சும்மா கிடக்கும் அறை

குற்றாலத்தில் சீசன் நேரத்தில் ஓர் அறை பூட்டிக் கிடந்தால் பார்க்கிறவர்களுக்கு வயிறு எரியும். சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் மாட்டுக்கொட்டகையைக்கூடக் கழுவிவிட்டு, ‘குடும்பத்துடன் தங்கலாம்’ என்று பலகை மாட்டுகிற ஊர் அது. அப்பேர்ப்பட்ட ஊரில், ஐந்தருவிக்குப் போகிற ரோட்டை ஒட்டி, ஏசி போட்ட நல்ல அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, அதில் மனிதர் யாரையும் விடாமல் ஒரே ஒரு கம்ப்யூட்டர் சர்வரை வைத்துப் பூட்டியிருந்தாள் குழல்வாய்மொழி. அதுவும் எப்படிப்பட்ட சர்வர்? எந்த வேலையும் செய்யாத சர்வர்.

வேலை செய்யாமல் காத்திருப்பதுதான் அதற்கு வேலை என்று சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். கம்பெனி முதலாளி முத்துச்செல்வம் ஒவ்வொரு முறையும் பொறுமையாகக் கேட்பார். தலையை ஆட்டுவார். கடைசியில், “அது சரிம்மா, ஆனா சும்மாத்தான கெடக்கு?” என்று முடிப்பார். அவள் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

முத்துச்செல்வம் தென்காசியில் நடத்துவது சின்ன நெட்வொர்க் கம்பெனி. கீழே மெத்தைக் கடை, மாடியில் இவர்கள். பெங்களூரில் பெரிய இடங்களில் இதே வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்த குழல்வாய்மொழிதான் அங்கே எல்லாவற்றையும் வடிவமைப்பவள். இந்த வருஷம் அவர்களுக்குக் கிடைத்த பெரிய வேலை, சாம் டாக்டர் ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ் எண். புளியறை மலை ரோட்டில் லாரி கவிழ்ந்தாலும், வாசுதேவநல்லூரில் யாருக்காவது நெஞ்சு வலித்தாலும் ஜனங்கள் கூப்பிடுவது அந்த எண்ணைத்தான். அது பழைய லேண்ட்லைன். போன சீசனில் மழையில் கேபிள் ஊறி, ஒரு பகல் முழுக்கச் செத்துக் கிடந்தது. அதற்குப் பிறகுதான் டாக்டர் இவர்களைக் கூப்பிட்டார்.

முன்பெல்லாம் இதற்கு எக்ஸ்சேஞ்ச் ஒரு பெட்டி, ரூட்டர் ஒரு பெட்டி, பாதுகாப்புக்கு ஒரு பெட்டி என்று அடுக்க வேண்டும். இப்போது அந்தப் பெட்டிகளெல்லாம் வெறும் மென்பொருளாகி ஒரே சர்வருக்குள் வாடகைக்கு இருக்கின்றன. குழல்வாய்மொழி அவை ஒவ்வொன்றுக்கும் ஓர் இரட்டையைச் செய்து இன்னொரு சர்வரில் வைத்தாள். ஆபீசிலேயே இருக்கும் தென்காசி சர்வர் அழைப்புகளை நடத்தும். குற்றாலம் சர்வர் அது செய்வதையெல்லாம் நொடி தவறாமல் கவனித்துக்கொண்டு காத்திருக்கும். தென்காசி படுத்துவிட்டால், பேசிக்கொண்டிருக்கிறவர்களுக்கே தெரியாமல் குற்றாலம் பேச்சைக் கையில் வாங்கிக்கொள்ளும். இரண்டும் ஒருபோதும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கக் கூடாது. அவளுடைய வடிவமைப்பின் உயிர் அந்த ஒரு விதியில்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் மேஜையைக் கவனிப்பவர் பெர்சிஸ் சிஸ்டர். அவருக்கு இதில் கொஞ்சமும் நம்பிக்கை இல்லை. “பழைய போனு செத்தா செத்துட்டுன்னு எனக்குத் தெரியும்லா. தூக்குனா சத்தம் வராது. ஒன் மிஷின் செத்தா எனக்கு யாருட்டி சொல்லுவா?” என்று கேட்டார். குழல்வாய்மொழி விடாமல் பல நாள் போய் உட்கார்ந்து, படம் போட்டு, ஒரே கேள்விக்குப் பத்து தடவை பதில் சொல்லி அவரைச் சம்மதிக்க வைத்தாள். “ஒரு எடம் மொத்தமா போனாலும் ஒங்க போன் அடிக்கும் சிஸ்டர். அது என் பொறுப்பு” என்றாள். சனிக்கிழமை காலையில் சோதனை. அது சரியாக நடந்தால் அன்றைக்கே பழைய லைனைத் துண்டித்து, அந்த எண்ணைப் புது ஏற்பாட்டுக்கு மாற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு ரோட்டில் அடிபட்டுக் கிடக்கிறவனுக்கும் ஆம்புலன்சுக்கும் நடுவில் இருக்கப்போவது அவளுடைய வார்த்தை ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், எதற்கும் அந்த அறையை ஒருமுறை பார்த்துவிட்டு வருவோம் என்று ஸ்கூட்டியை எடுத்தாள். இலஞ்சி தாண்டுவதற்குள்ளேயே போதும் போதும் என்றாகிவிட்டது. கேரளா வண்டிகளும் தலை துவட்டாத கூட்டமும் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தன. சாரலில் முக்கால்வாசி நனைந்து அவள் போய்ச் சேர்ந்தபோது அறைக் கதவு திறந்திருந்தது.

உள்ளே ஒரு குடும்பமே இருந்தது. ஒருவர் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் போர்வைக்குள் கிடந்தன. தரையில் நல்லெண்ணெய்ப் பாட்டில், சீயக்காய்ப் பொட்டலம், பாதி தின்ற பலாச்சுளை. சர்வர் மாட்டியிருந்த இரும்புச் சட்டத்தில் ஈரத் துண்டுகளும் உள்பாவாடைகளும் வரிசையாகத் தொங்கின. சர்வரைக் காணவில்லை.

கதவருகே வந்த அம்மாள் இவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். “வாம்மா. தலகாணி ரெண்டு கூட வேணும்னு சொல்லி விட்டேனே, கொண்டாந்தியா?”

“நீங்க யாரும்மா?”

“நாங்க திருவேங்கடத்துலேருந்து வாறோம். எம்பேரு சங்கரேஸ்வரி. அன்னா படுத்திருக்காவள்லா, எங்க வீட்டுக்காரவ நம்பிராஜன். அவுக தங்கச்சியத்தான் முத்துச்செல்வம் அண்ணனுக்குக் குடுத்திருக்கு. எங்க ஊருல குடிக்கவே தண்ணி கெடையாது. சீசன்லயாவது பிள்ளைக தண்ணில நிக்கட்டுமேன்னு வந்தோம்.”

“இங்கன ஒரு மிஷின் இருந்துச்சே?”

“அதா? ராத்திரி பூரா இரைஞ்சா பிள்ளைக ஒறங்காதுன்னு அண்ணன் ஒரு தம்பிய விட்டுத் தூக்கச் சொல்லிட்டாவ. இந்த ஸ்டாண்ட மட்டும் நாந்தான் வேண்டாம்னு சொல்லி வச்சுக்கிட்டேன். சாரல்ல வெளிய எங்கம்மா துணி காயிது? இது நல்லா தோதா இருக்கு.”

அந்த அம்மாள் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. குழல்வாய்மொழி வெளியே வந்து செல்போனில் கண்காணிப்புத் திரையைத் திறந்தாள். இரண்டு பச்சை விளக்குகள் எரிந்தன. தென்காசி: நலம். குற்றாலம்: நலம். அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. களப்பணி பார்க்கும் பாண்டிராஜைக் கூப்பிட்டாள்.

“ஏலே பாண்டி, குத்தாலம் சர்வர் எங்கலே?”

“நம்ம ஆபீஸ்லதாங்க்கா. பழைய சர்வருக்கு மேல் தட்டுல மாட்டிட்டேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலயா ஒனக்கு?”

“அண்ணாச்சி சொல்லியிருப்பாவன்னு நெனச்சேன். ஒரு பிரச்சினையும் இல்லக்கா. கேபிளச் சொருகுன ஒடனே பச்ச வந்துட்டு. ஒங்க டிசைன் சூப்பர்க்கா.”

அதுதான் அவளை இன்னும் கொன்றது. இரண்டு ஊர் நெட்வொர்க்கையும் ஒரே வீட்டுக்குள் இருப்பது மாதிரி இணைத்து வைத்தவள் அவள்தான். அவ்வளவு நேர்த்தியாக இணைத்திருந்தாள், ஊர் மாறியதே அந்த சர்வருக்குத் தெரியவில்லை. அது எங்கே இருக்கிறது என்பது அவள் ஒருநாள் தட்டச்சு செய்து வைத்த ஒரு பெயர், அவ்வளவுதான். தென்காசியில், தன் இரட்டையின் தலைமேல் உட்கார்ந்துகொண்டு, ‘நான் குற்றாலத்தில் இருக்கிறேன்’ என்று அது கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தது. விதி மீறப்பட்டதாக எந்த எச்சரிக்கையும் வராது. ஒருவர் இப்படியும் செய்வார் என்று பெங்களூரில் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

அவள் ஆபீசுக்குத் திரும்பியபோது முத்துச்செல்வம், சோதனை முடிந்ததும் டாக்டருக்குப் போர்த்த ஒரு சால்வைக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் நின்ற நிலையைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது அவருக்கு.

“கோவப்படாதம்மா. ஆடி கழியுற வரைக்குந்தான்.”

“அண்ணாச்சி, அந்த ரூம் காலியா இருக்கணும்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்?”

“நீ சொன்ன. நான் இல்லங்கல. ஆனா ரெண்டு மிஷினும் இருக்குல்லா? ஒண்ண நான் வித்தா தின்னுட்டேன்? இன்னா ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல ஓடிக்கிட்டுத்தான இருக்கு. ஒண்ணு போனா இன்னொண்ணு பாத்துக்கிடும்.”

“ரெண்டும் ஒண்ணாப் போகும் அண்ணாச்சி. கீழ மெத்தைக் கடை. பஞ்சு. ஒரு வயரு புகைஞ்சா போதும், பத்து நிமிசத்துல மாடியே இருக்காது. அப்ப எது எதப் பாத்துக்கிடும்?”

“நீ எப்பவும் கெட்டதையே நெனைக்க.”

“கெட்டத நெனைக்கத்தான் எனக்குச் சம்பளம் குடுக்கிய.”

முத்துச்செல்வம் நாற்காலியில் சாய்ந்தார். அவர் கெட்டவர் இல்லை. ஊரில் யாருக்கு ஒன்று என்றாலும் முதல் ஆளாக நிற்பவர். அதுதான் இங்கே வினையாகிவிட்டது. “எம்மா, மச்சினன் பெண்டாட்டி பிள்ளையோட பெட்டிய தூக்கிக்கிட்டு வந்து வாசல்ல நிக்கான். குத்தாலத்துல ஏசி ரூம வாடகைக்குப் புடிச்சு வச்சுக்கிட்டு, அதுல ஒரு மிஷின் தூங்குது, நீ வேற எடம் பாருன்னு சொல்லச் சொல்லுதியா? பொறவு எங்க வீட்டுல எனக்குச் சோறு விழுமா? நீயும் இந்த ஊர்க்காரிதான, ஒனக்குத் தெரியாதா?”

அவளுக்குத் தெரியும். சீசனில் வந்த விருந்தாளியைத் திருப்பி அனுப்பிய வீட்டைப் பற்றி அடுத்த சீசன் வரைக்கும் பேசுவார்கள். அதனால் அதில் அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. கடைசியில், “மச்சினன் வீட்டாளுக இருந்துட்டுப் போகட்டும். மிஷின வேற எங்கயாவது வைப்போம். ஒங்க வீட்டு மச்சுல வைப்போம். எங்க வீட்டுல வைப்போம். ஆனா இந்தக் கூரைக்குக் கீழ வேண்டாம். இல்லன்னா நாளைக்கு சோதனை வேண்டாம்” என்றாள்.

“சரி, சரி. காலைல விடிஞ்சதும் பாண்டிய விட்டு எங்க வீட்டு மச்சுல ஏத்திருதேன். போதுமா? நீ போய் ஒறங்கு.”

அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்ய?

சனிக்கிழமை காலை ஆபீசுக்கு வந்தால், இரண்டு சர்வர்களும் ஒன்றன்மேல் ஒன்றாக, வைத்த இடத்திலேயே இருந்தன. பாண்டிராஜ் வரவில்லை. மச்சினன் குடும்பத்தைப் பழைய குற்றாலத்துக்கு ஏற்றிக்கொண்டு போகச் சொல்லி முத்துச்செல்வமே அவனை அனுப்பியிருந்தார். முதலாளியைக் கூப்பிட்டாள். அவர் ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் போலிருக்கிறது. குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“எம்மா, வண்டி கெடைக்கல. இப்ப ஒண்ணும் செய்ய முடியாது. நீ மொத சர்வர மட்டும் நிறுத்து. ரெண்டாவது எடுத்துக்கிடும். அத்தோட முடிஞ்சு. அது எந்த எடத்துல நிக்குன்னு யாரு பாக்கப்போறா?”

“நான் சிஸ்டர்கிட்ட எடம் மொத்தமா போனாலும்னு சொல்லியிருக்கேன் அண்ணாச்சி.”

“எடம் எங்கம்மா போகப்போவுது?” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே செல்போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்திருந்தார்கள். நாற்காலி இழுபடுகிற சத்தமும் காபி டம்ளர் சத்தமும் கேட்டன. சோதனைக்காகப் புளியறை செக்போஸ்ட் பக்கத்திலிருந்து ஆம்புலன்ஸ் டிரைவர் முகம்மது கனி ஒரு தற்காலிக எண் வழியாகப் புது லைனுக்குக் கூப்பிட்டிருந்தார். பெர்சிஸ் சிஸ்டர் புதுப் போனில் அவரோடு பேசிக்கொண்டிருந்தார். அதையும் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் கனியின் குரலும் இவளுக்குக் கேட்டது.

“நிறுத்தாம எதாவது பேசுங்க அண்ணே” என்றார் பெர்சிஸ்.

“என்னத்தப் பேச? இங்கன சரியான மழை. லாரி அம்பது நிக்கி. காலைல புரோட்டா தின்னேன், சால்னால உப்பே இல்ல. கேட்டா சேட்டன் சிரிக்கான்.”

“குழல்வாய்மொழி, ஆரம்பிங்கம்மா” என்றது சாம் டாக்டரின் குரல்.

அவள் தென்காசி சர்வரை நிறுத்தினாள். அணைக்கச் சொல்லி அழகாகக் கேட்கவில்லை, மின்கம்பியையே பிடுங்கினாள். காற்றாடி இரைச்சல் பாதியாகக் குறைந்தது.

“சிரிச்சுட்டு இன்னும் ஒரு கரண்டி அதே சால்னாவ ஊத்துதான்” என்று கனி சொல்லிக்கொண்டே போனார். ஓர் எழுத்துகூட விடுபடவில்லை. எந்த நொடியில் பேச்சு கை மாறியது என்று அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. மாதக்கணக்கில் உட்கார்ந்து இழைத்த வேலை. அந்த நேரத்திலும் அவளுக்குப் பெருமையாக இருந்தது. அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

அந்தப் பக்கம் கைதட்டினார்கள். முத்துச்செல்வத்தின் கைதட்டல்தான் பலமாகக் கேட்டது.

“அருமை, அருமை. ஒரு கரகரப்புகூட இல்லையே” என்றார் டாக்டர். “பெர்சிஸ், பழைய லைன இன்னைக்கே எடுத்திரச் சொல்லிருங்க. ரெண்டுக்கும் எதுக்கு வீணா?”

“டாக்டர், ஒரு நிமிசம்” என்றாள் குழல்வாய்மொழி. “ரெண்டு சர்வரும் ஒரே ரூம்ல இருக்கு. குத்தாலத்துல எதுவும் இல்ல. ரெண்டும் இங்கன, எம்முன்னாடிதான் இருக்கு.”

“அதனால என்னம்மா? கால் கட் ஆகலையே?”

“இப்ப ஆகல டாக்டர். இந்தக் கட்டடத்துக்கு ஒண்ணு ஆச்சுன்னா...”

“அவ அப்படித்தான் டாக்டர்” என்று குறுக்கே விழுந்தார் முத்துச்செல்வம், சிரித்துக்கொண்டே. “நூத்துக்கு நூறு வாங்குனாலும் இன்னும் ஒரு மார்க் எங்கன்னு கேப்பா. சின்ன விசயம், ஆடி கழிஞ்சதும் மாத்திருவோம். சால்வையப் போடலாமா?”

எல்லோரும் சிரித்தார்கள். பெர்சிஸ் சிஸ்டரும் சிரித்தார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவர் நம்பிவிட்டார். நம்ப வைத்தது இவள். பேசிப் பேசி, படம் போட்டுக் காட்டி, அந்தப் பொம்பிளையின் சந்தேகத்தை ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்து எடுத்தவள் இவள். இப்போது உண்மையைச் சொன்னால் யார் காதிலும் ஏறவில்லை.

“சிஸ்டர், கனி அண்ணன் இன்னும் லைன்ல இருக்காவளா?”

“இருக்காருட்டி. சால்னா கதை முடியல.”

“பழைய போன் ஓடுதான்னு ஒரு தடவ எடுத்துப் பாருங்க.”

“இன்னா எடுத்தேன். சத்தம் வருது. எதுக்கு?”

“சரி சிஸ்டர். இன்னும் ஒரு சோதனை பாக்கியிருக்கு.”

அவள் சுவரருகே போய் அறையின் மெயின் சுவிட்சை இறக்கினாள். விளக்கு அணைந்தது, ஏசி அணைந்தது, ஜன்னல் இல்லாத அறை இருட்டானது. யுபிஎஸ் மட்டும் சர்வரைத் தாங்கிக்கொண்டு கத்த ஆரம்பித்தது. அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். இதுவும் அவள் வாங்கி வைத்ததுதான், கரண்ட் போனாலும் பேச்சு அறுபடக் கூடாதென்று. பொத்தானில் விரலை வைத்து, அது அணைகிறவரைக்கும் அழுத்திப் பிடித்தாள்.

இரைச்சல் நின்றது. கீழே மெத்தைக் கடையில் யாரோ பஞ்சு அடைக்கிற சத்தம் அவளுக்கு முதல் தடவையாகக் கேட்டது.

“கனி அண்ணே?” என்றார் பெர்சிஸ், செல்போனுக்குள். “அண்ணே? ஹலோ? ஹலோ?” போனைத் தட்டுகிற சத்தம். “ஏட்டி, ஒண்ணுமே கேக்கல.”

“ஏ குழலு, என்ன காரியம் பண்ணுன!” என்று கத்தினார் முத்துச்செல்வம். “போடு. மொதல்ல கரண்டப் போடு. டாக்டர், இது ஒண்ணுமில்ல, இப்ப வந்திரும்...”

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க” என்றார் பெர்சிஸ். முத்துச்செல்வத்திடம் அவர் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. பிறகு அவர் குரல் செல்போனுக்குப் பக்கத்தில் வந்தது. “குழலு. இப்ப ஒருத்தன் அடிபட்டுக் கெடந்து கூப்பிட்டிருந்தா, எங்க போன் அடிச்சிருக்குமா?”

“அடிச்சிருக்காது சிஸ்டர்.”

“அடிக்கலன்னு எனக்குத் தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்காது.”

அந்தப் பக்கம் பழைய போனை யாரோ தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாக வைக்கிற சத்தம் கேட்டது. கரண்டைப் போடச் சொல்லி முத்துச்செல்வமும் மறுபடி கேட்கவில்லை. குழல்வாய்மொழி இருட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் அதை உடனே போடவில்லை.